இலை போடுவதற்கு முன்

டிசம்பர் பிறந்தால் பத்திரிகைகளில் ஒரு கிறிஸ்துமஸ் கதை வந்தே தீரும். தீபாவளி மலருக்குக் கதை எழுதுகிறவர்களே பெரும்பாலும் இதையும் எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். தெருவில் ஓர் ஏழைச் சிறுவன் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். உள்ளேயிருந்து பிரியாணி வாசனை வரும். கடைசிப் பாராவில் கதவு திறக்கும். சிறுவனுக்கு ஒரு தட்டு கிடைக்கும். கதாசிரியருக்கு மனசு நிறைந்துவிடும். இந்தக் கதைகளை நான் வெறுக்கிறேன் என்று சொல்லமாட்டேன். வருஷம் தவறாமல் படித்துவிடுகிறேன். ஆனால் படித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் எழுகிறது. அந்தப் பிரியாணியைச் சமைப்பது என்று முடிவு செய்தது யார்? எப்போது? எதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்து சாப்பிட அரைமணி நேரம் போதும். என்ன சமைப்பது என்று தீர்மானிக்கப் பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாளும் வீட்டில் நடக்கிற பேச்சில்தான் வீட்டுக்காரரின் சம்பளம், மாமியாரின் பல், ஹாஸ்டலிலிருந்து வரும் பெண்ணின் புது நாகரிகம், போன வருஷம் கூப்பிடாமல் விட்டுப்போன நாத்தனார், அடுத்த வீட்டுக்காரரின் முகம் எல்லாம் வந்து சேர்கின்றன. ஒரு நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? நம்முடைய கதாசிரியர்களோ இலை போட்ட பிறகுதான் உள்ளே நுழைகிறார்கள். பசித்த விருந்தாளியும் அப்படித்தான் வருகிறான். கதை எழுதுகிறவன் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் விஷயத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொங்கலுக்குப் பொங்கல். விநாயக சதுர்த்திக்குக் கொழுக்கட்டை. திருவாதிரைக்குக் களி. நோன்புக்குக் கஞ்சி. அங்கெல்லாம் முடிவு செய்யும் சிரமம் இல்லை. முன்னோர்கள் செய்து வைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னது சமைக்க வேண்டும் என்று வேதாகமத்தில் ஒரு வரி கிடையாது. எந்தச் சபையும் விதி வகுக்கவில்லை. மதுரையில் விடியற்காலையில் இட்லியும் கறிக்குழம்பும், மத்தியானம் பிரியாணி என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறதே என்றால், அந்த இட்லியும் கறிக்குழம்பும் தீபாவளிக் காலையில் பக்கத்து வீட்டிலும் இருப்பவைதான். நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்துக்கும் அதே கதை. ஆகவே தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீட்டில் ஒவ்வொரு வருஷமும் இது புதிதாகத் தீர்மானிக்கப்பட வேண்டிய காரியம். தீர்மானம் இருக்கிற இடத்தில் மனிதர்கள் தெரிவார்கள்.

கிறிஸ்துமஸ் கதைகளுக்கெல்லாம் மூலபுருஷர் டிக்கன்ஸ். 1843இல் வெளிவந்த ‘கிறிஸ்துமஸ் கேரல்’ என்ற சிறு நாவலில் கிராட்சிட் என்ற ஏழை குமாஸ்தாவின் வீட்டு விருந்து ஒன்று வருகிறது. ஒரு பெரிய வாத்து. அந்த வாத்து அவர்கள் வீட்டு அடுப்பில் வேகவில்லை. லண்டன் ஏழைகள் வீட்டில் அதைச் சுடுவதற்கான அடுப்பு கிடையாது. ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்து வாங்கிவர வேண்டும். பிள்ளைகள் ஓடிப் போய் வாங்கி வருகிறார்கள். எட்டுப் பேருக்கு அது போதாது. ஆப்பிள் கூழும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்து நிரவுகிறார்கள். புட்டிங் என்கிற பண்டம் துணி வெளுக்கிற கொப்பரையில் வேகிறது. அதைத் திறக்கும்போது சலவை நாள் வாசனை வருகிறதென்றும் எழுதிவிடுகிறார். அந்த ஒரு வாசனைக்காக டிக்கன்ஸின் அழுகைகளை எல்லாம் நான் மன்னித்துவிடுவேன்.

(காளவாசல் என்ற சொல்லுக்குச் சூளை என்று பொருள். மதுரைக்கு மேற்கே தேனி சாலையும் பைபாஸ் சாலையும் கூடும் இடத்துக்கு அந்தப் பெயர். ஊர்ப் பெயரே சூளையாக இருந்தும் அங்கே எந்த வீட்டிலும் வாத்துச் சுடுகிற அடுப்பை நான் பார்த்ததில்லை. கேக் என்றால் இன்றைக்கும் பெரும்பாலோர் பேக்கரிக்குத்தான் போகிறார்கள். கிராட்சிட் பிள்ளைகளுக்கும் காளவாசல் பிள்ளைகளுக்கும் அந்த மட்டில் உறவு உண்டு.)

ஆனால் டிக்கன்ஸிடமும் ஒரு குறை இருக்கிறது. வாத்து விருந்து ஸ்க்ரூஜுக்கு ஆவி காட்டும் காட்சி. நிஜமான கிறிஸ்துமஸ் அன்று நடப்பது வேறு. மனம் திருந்திய ஸ்க்ரூஜ் ஒரு ராட்சச வான்கோழியை விலைக்கு வாங்கி, வண்டி வைத்து, அனுப்பியது யார் என்று தெரியாமல் கிராட்சிட் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். வாசகர்கள் கண்ணீர் விட்டார்கள், இன்றும் விடுகிறார்கள். கிராட்சிட்டின் மனைவியை யாராவது கேட்டார்களா? அடுப்பில்லாத வீட்டில், பண்டிகையன்று காலையில், அந்த மலையை அவள் எங்கே கொண்டுபோய்ச் சுடுவாள்? அவள் வாரக் கணக்கில் காசு சேர்த்துத் திட்டமிட்டிருந்த சமையல் என்ன ஆயிற்று? கஞ்சனாக இருந்தபோது சம்பளத்தின் மூலம் அவள் சமையலைத் தீர்மானித்த ஸ்க்ரூஜ், தர்மவானான பிறகு தானத்தின் மூலம் தீர்மானிக்கிறான். நம் பத்திரிகைக் கதைகளில் கதவைத் திறந்து தட்டை நீட்டுகிற எஜமானர்கள் எல்லோரும் இந்த ஸ்க்ரூஜின் வம்சம்தான்.

பிற்காலத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஜாய்ஸ் 1916இல் புஸ்தகமாக வந்த தம் முதல் நாவலில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தை வைத்திருக்கிறார். டப்ளினில் இன்ன கடையில் ஒரு கினி கொடுத்து அப்பா வாங்கிய வான்கோழி மேஜையில் இருக்கிறது. பெரியவர்களோடு முதல் தடவையாக உட்காரும் சிறுவன் அதைப் பார்க்கிறான். அதற்குள் பார்னெல் என்ற அரசியல் தலைவரைப் பற்றிய சண்டை மூண்டுவிடுகிறது. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பதுதான் சண்டையின் உள்ளே இருக்கிற விஷயம். ஐஸக் டினேஸன் எழுதிய ‘பாபெட்டின் விருந்து’ கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு, டிசம்பர் 15ஆம் தேதி நடக்கிறது. பாரிஸிலிருந்து அகதியாக வந்த சமையற்காரி, லாட்டரியில் விழுந்த 10,000 பிராங்கையும் ஒரே விருந்தில் செலவழிக்கிறாள். உயிருள்ள ஆமை ஒன்று சமையலறைக்கு வந்து சேர்வதைப் பார்த்துவிட்டுப் பக்திமான்களான எஜமானிகள் இருவரும் நடுங்கிப் போகிறார்கள். என்ன பரிமாறினாலும் சாப்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று சபையார் சத்தியம் செய்துகொள்கிறார்கள். விருந்து பிரமாதம்தான். ஆனால் என் மனசில் நிற்பது அந்த நடுக்கம். சமையலைத் தீர்மானிக்கும் உரிமையை ஒரு மாலைப்பொழுதுக்கு இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டவர்களின் நடுக்கம் அது.

இவ்வளவும் வெளிநாட்டுச் சமாசாரம். நம்மிடம் சரக்கு இல்லாமலா இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? கிறிஸ்தவன் என்ன சாப்பிடுவது என்ற கேள்வியை மதுரையைப் போல நீண்ட காலம் வைத்துக்கொண்டு தவித்த ஊர் உலகத்தில் அதிகம் இராது.

ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். ரோமாபுரியில் பெரிய இடத்துப் பிள்ளை; வயசு முப்பதைத் தொடவில்லை. அவருக்கு முன்னாலேயே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் இங்கே பல வருஷங்களாக இருந்தார். ஊர்க்காரர் ஒருவரையும் அவர் மதத்தில் சேர்க்க முடியவில்லை. மாட்டிறைச்சி தின்று மது குடிக்கும் பறங்கியின் மதம் என்பது ஊரார் அபிப்பிராயம். நோபிலி இதைக் கண்டுகொண்டார். காவி கட்டினார். சகபாதிரியாரை விட்டுத் தனி வீடு பார்த்துப் போனார். மாமிசம், மீன், முட்டை, மது அத்தனையும் விட்டார். பிராமணச் சமையற்காரரை வைத்துக்கொண்டு ஒரு வேளை மட்டும் உண்டார். தத்துவ போதகர் என்று பெயர் வந்தது. மேல்ஜாதிக்காரர்கள் சிலர் தேடி வந்தார்கள். கூடவே புகாரும் போயிற்று. கோவாவில் 1619இல் விசாரணை. கடைசியில் 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் ஸ்நானத்தையும் அனுமதித்துத் தீர்ப்பு எழுதினார்.

சரித்திரப் புஸ்தகங்கள் பூணூல் விவகாரத்தைப் பக்கம் பக்கமாகப் பேசும். எனக்கு அந்த வீட்டு அடுப்பங்கரையின் மேல்தான் கண். அங்கே கிறிஸ்துமஸ் வந்திருக்கும். சோறும் கீரையும் பாலும் நெய்யும் தவிர அன்றைக்கும் வேறு என்ன வெந்திருக்க முடியும்? பெர்னாண்டஸோடு அவர் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்க முடியுமா? சில தெரு தள்ளி இரண்டு பாதிரியார்கள், ஒரே குழந்தையின் பிறப்பை, இரண்டு அடுப்பில் கொண்டாடியிருக்கிறார்கள். பின்னால் 1640 முதல் தாழ்த்தப்பட்டோரிடம் போவதற்கென்று பண்டாரசுவாமிகள் என்ற இன்னொரு வகைத் துறவிகளும் ஏற்பட்டார்கள். கிறிஸ்துவுக்கு ஒரே சபை. சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி. இதை வைத்து ஒரு தமிழ் நாவல் ஏன் வரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இருநூறு வருஷம் கழித்து அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். மதுரையில் அவர்கள் வேலை 1834இல் தொடங்கியது. அவர்கள் நேர் எதிர்க் கோடிக்குப் போனார்கள். 1840களின் பிற்பாதியில், மிஷன் ஊழியர்கள் ஜாதியை விட்டுவிட்டார்களா என்று பார்ப்பதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பரீட்சைக்குப் பேனாவும் காகிதமும் வேண்டியிருக்கவில்லை; தாழ்த்தப்பட்டவர் சமைத்த சோற்றை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு அன்பின் விருந்து என்று பெயர். பலர் சாப்பிட மறுத்து வேலையை விட்டுப் போனார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் சமபந்தியை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. மறுத்தவர்களின் பக்கம் நான் இல்லை. என்றாலும் கட்டளையிட்டு நடத்துகிற விருந்துக்கு அன்பு என்று பெயர் வைத்ததில் ஏதோ கசக்கிறது. அந்தச் சோற்றைச் சமைத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது யாராவது எழுதினார்களா? எத்தனை பேர் உண்ண மறுத்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உலை வைத்தவர் அன்று மாலை மிச்சச் சோற்றை என்ன செய்தார் என்பதற்குக் கணக்கு இல்லை. அது நாவலாசிரியன் பார்க்க வேண்டிய வேலை.

தமிழின் முதல் நாவலாசிரியரே ஒரு கத்தோலிக்கர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது. நல்ல ஹாஸ்யம், தாராளமான உள்ளம். ஆனால் கிறிஸ்தவ வீட்டு அடுப்பங்கரைக்கு அந்தப் புஸ்தகம் நம்மை அழைத்துக்கொண்டு போவதில்லை. முன்சீப்பாக இருந்தவர் தம் வீட்டுச் சமையலறையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை போலிருக்கிறது. அந்தக் கதவைத் திறந்துவிட ஒரு பெண்மணி வேண்டியிருந்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வெளியானபோதுதான் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் புழக்கடை வரைக்கும் தமிழ் வாசகன் போய் வந்தான். லிஸியின் வீட்டுக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் நடுவே இருப்பது மதமும் அல்ல, ஜாதிகூட அல்ல, அந்தஸ்து. கொண்டாட்டம் எதையும் விஸ்தரிக்காமலே, யார் யார் வீட்டில் கை நனைக்கலாம் என்ற கணக்கை அந்த ஆசிரியை அடங்கிய குரலில் சொல்லிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த தமிழ் நாவல்களில் அது ஒன்று.

பிறகு பாமாவின் ‘கருக்கு’, 1992. அதை நாவல் என்பதா சுயசரிதை என்பதா என்று சர்ச்சை செய்கிறவர்கள் செய்துகொண்டிருக்கட்டும். அதில் ஒரு பலகாரப் பொட்டலம் வருகிறது. தெருப் பெரியவர் ஒருவர் அதைத் தம் கை படாமல் சணலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். சிறுமி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். வேடிக்கை இல்லை என்று அண்ணன் விளக்கிய பிறகு சிரிப்பு போய்விடுகிறது. தமிழில் சாப்பாட்டைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த பகுதி எது என்று என்னைக் கேட்டால், டிகிரி காப்பியின் நுரையையும் நெய் முறுகும் வாசனையையும் பற்றி நம் மேதைகள் எழுதிய பக்கங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு இந்தச் சணல் கயிற்றைத்தான் காட்டுவேன். அந்தப் பொட்டலத்தில் இருந்த பலகாரத்தின் ருசி நமக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

என்ன சமைப்பது என்ற கேள்வி காளவாசலில் ஒரு வீட்டில் எப்படிப் பேசப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020ஆம் வருஷம். கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தது. அதே தினம் வைகுண்ட ஏகாதசி. எனக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம், தலித் குடும்பம், அங்கே கீழ் வீட்டில் குடக்கூலிக்கு இருந்தது. வீட்டுக்காரர் மாடியில், சைவம். வீடு பார்க்க வந்தபோதே ஆட்டுக்கறியும் கோழியும் சமைத்தால் பரவாயில்லை என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். இன்னொரு கறியைப் பற்றி அவர் கேட்கவில்லை. இவர்கள் சொல்லவும் இல்லை. பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்பு வேறு ஏதோ காரியமாக நான் அங்கே போயிருந்தேன். மாமியாரும் மருமகளும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வெள்ளிக்கெழமையில்ல வருது. கறி எடுக்கலாமா ஆத்தா?” என்றாள் கிழவி.

“எடுக்கலாம்னு சாமியார் பூசையில சொல்லிட்டாரு அத்தே. பொறந்தநாளு எந்தக் கெழமையில வந்தா என்ன?”

கிழவியின் சந்தேகம் பழைய சந்தேகம். அசிசி பிரான்சிஸிடமே ஒரு சீடர் இதைக் கேட்டிருக்கிறார். அன்றைக்குச் சுவர்களும் மாமிசம் சாப்பிட வேண்டும், சாப்பிட முடியாவிட்டால் சுவரின் மேல் பூசவாவது வேண்டும் என்று அவர் பதில் சொன்னதாக அவருடைய சரித்திரத்தை எழுதிய செலானோ தாமஸ் சொல்கிறார். அந்த உற்சாகம் காளவாசலில் செல்லாது. சுவர் வீட்டுக்காரருடையது.

பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. கையிலிருந்த பணத்துக்கு ஆட்டுக்கறி ஒன்றரைக் கிலோ வரும்.

“ஆளுக்கு நாலு துண்டு விழாதே,” என்றாள் கிழவி.

“உருளைக்கெழங்கு போட்டு நிரவிக்கலாம் அத்தே.”

“அந்தக் கறின்னா இதே காசுக்கு மூணு கிலோவுக்கு மேலயே கெடைக்கும். அம்புட்டுப் பேரும் வயிறாரச் சாப்புடுவாக. ஊர்ல இருந்தப்ப ஒரு பெரிய நாளாச்சும் அது இல்லாமப் போயிருக்கா?”

மருமகள் பதில் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி மச்சைப் பார்த்தாள். அவ்வளவுதான். பூண்டு உரிப்பது தொடர்ந்தது.

அந்தப் பார்வைக்கு ஒரு கதாசிரியன் தன் கதை முழுவதையும் கொடுத்துவிடலாம். மாடிக்காரர் கெட்டவர் அல்ல. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர். தடை என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. என்றாலும் கீழ் வீட்டுக் கிறிஸ்துமஸில் கறி எது, ஆளுக்கு எத்தனை துண்டு, அக்காள் குடும்பத்தைக் கூப்பிடலாமா, பாத்திரம் தேய்க்க வருகிற கைம்பெண்ணுக்கு இலை போட முடியுமா என்பதையெல்லாம் மேலேயிருந்து அந்த மச்சுதான் தீர்மானித்துக்கொண்டிருந்தது. நோபிலியின் சமையலறைக்கும் இந்தச் சமையலறைக்கும் நடுவே நாலு நூற்றாண்டு. அவர் மாமிசத்தை விட்டது ஊருக்குள் இடம் பிடிக்க. இந்த வீட்டில் வாயில் வராமல் ஒரு கறியின் பெயர் விடப்பட்டதும் ஊருக்குள் இடம் பிடிக்கத்தான். அவர் தம் விருப்பப்படி விட்டார் என்ற வித்தியாசம் உண்டு.

மாடிக்கு என்ன அனுப்புவது என்று இன்னொரு விவாதமும் நடந்தது. ஏகாதசி என்றால் அரிசி ஆகாது. முறுக்கும் அதிரசமும் அரிசி மாவு. கேக்கில் முட்டை. ரவை கேசரி செய்யலாமென்றால் கறி சமைத்த அடுப்பு. கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கல்கண்டும் என்று முடிவாயிற்று. கிழவி ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய்த் தனக்கு வேண்டியதைச் சாப்பிட்டு வந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பன்னிரண்டு பேரும் வந்தார்கள். உருளைக்கிழங்கு நிறைய இருந்ததாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது மாடிக்காரரை வில்லனாக்கி ஒரு கதை எழுதி அனுப்பினால் அதையும் நான் குறை சொல்லத்தான் செய்வேன். வில்லன் வந்துவிட்டால் மச்சைப் பார்த்த பார்வை போய்விடும். சண்டை மட்டும் மிஞ்சும். திருந்திய மாடிக்காரர் இறங்கி வந்து கீழ் வீட்டில் பிரியாணி சாப்பிடுவது போல் எழுதினால் அது இன்னும் மோசம். அது வான்கோழி. வாயைத் திறக்காமலே ஒரு வீட்டை இன்னொரு வீடு எப்படி ஆள்கிறது என்பதை, இரண்டு வீட்டாரையும் நல்லவர்களாகவே வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஹெப்சிபாவுக்கு அது கைவந்திருந்தது. நம் பண்டிகை மலர்க் கதாசிரியர்களுக்கு ஏனோ அந்தப் பொறுமை இல்லை.

காளவாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் அரசரடி. அங்கே 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டிய தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தவர், 2005இல் காலமானார். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்த சபைக்குள் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் துணிந்து கொண்டுவந்தவர். ‘ஒரு ஒலை’ என்று அவர் ஒரு கருத்தைச் சொல்லி வந்தார். ஒரு உலையில் பொங்கி எல்லோரும் பங்கிட்டுத் தின்கிற குடும்பம்தான் சபை என்பது அதன் சாரம். இதில் என்னைக் கவர்ந்தது அந்த உலைதான். சமபந்தி என்கிறபோது பந்தி மட்டும்தான் சமம்; உலை யாருடையது, உள்ளே என்ன போடுவது என்பதை வேறு யாரோ தீர்மானித்திருப்பார்கள். அமெரிக்கர்களின் அன்பின் விருந்தில் நடந்தது அதுதான். அப்பாவு பந்தியைத் தாண்டி அடுப்புக்கே போய்விட்டார். மதசாஸ்திரம் படித்தவர் ஒருவர் கதாசிரியர்களை முந்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அவர் உலைக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. ஆரோக்கியம் கத்தோலிக்கப் பெண். தன் பிள்ளை ஜோசப்பைச் சாமியாராக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தோணியார் கோயிலுக்குக் குடும்பத்தோடு நடக்கிறாள். காலனிக்குத் துணி வெளுக்கிறவள் அவள், தாழ்த்தப்பட்டவர்களுக்கும் தாழ்ந்தவள். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுக்கிறாள். இவள் சட்டியிலும் எல்லோர் வீட்டுச் சோறும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. ஒரு வீட்டுப் புளிக்குழம்பும் இன்னொரு வீட்டுக் கீரையும் கலந்துவிடுகின்றன. ஊர் முழுவதும் ஒரே பாத்திரத்தில் வந்து சேர்ந்த பிறகும் அது அப்பாவு சொன்ன உலை ஆகவில்லை. ‘இன்றைக்கு என்ன சமைப்போம்?’ என்று அவள் தன் புருஷன் சவுரியிடம் கேட்க முடியாது. எந்த வீட்டில் என்ன வைத்தார்கள் என்பது வாசலில் நின்று குரல் கொடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.